களிமண்ணும் இராச்சியமும்: டென்மார்க்கின் வெண்களி பற்றிச் சில குறிப்புகள்

"எங்கள் மண்ணில் என்னதான் இல்லை?" என்ற கேள்வியைப் புகலிடத்துக் கூட்டங்களில் ஒருமுறையாவது கேட்டிராத எம்மவர் இருக்கமாட்டார். கேட்பவர் பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. பதில் பட்டியலாகக் கையிலேயே இருக்கும். புல்மோட்டையில் இல்மனைற்று, காங்கேசன்துறையில் சுண்ணக்கல், ஆனையிறவில் உப்பு, வடமராட்சி கிழக்கில் சிலிக்கா மணல், முருங்கனில் களி. பட்டியல் முடிந்ததும் கைதட்டல். இவ்வளவும் இருக்கையில் நாம் ஏன் பிறரிடம் கையேந்தவேண்டும் என்பது அதன் பொருள்.

இந்தப் பட்டியலோடு எனக்கு நெடுநாளாக ஒரு பிணக்கு உண்டு. அதில் சொல்லப்படுவன பொய் என்பதல்ல. மண்ணுக்குள் ஒரு பொருள் கிடப்பதும் அது ஒரு சமூகத்தின் செல்வமாவதும் ஒன்றேதான் என்ற எண்ணம் அதற்குள் மறைந்திருக்கிறது. இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க நான் வாழும் டென்மார்க்கைவிட நல்ல இடம் கிடையாது. இங்கே இரும்புத் தாது இல்லை. சொல்லும்படியான நிலக்கரி இல்லை. 1972இல் வடகடல் எண்ணெய் வரத்தொடங்கும்வரை எண்ணெயும் இல்லை. நாட்டின் மிக உயர்ந்த இடம் 171 மீற்றரை எட்டவில்லை. இருப்பவை சுண்ணம், சரளை, களிமண். பட்டியலில் கடைசியாக வருகிற, எவரும் கைதட்டாத அந்தக் களிமண்ணையே எடுத்துக்கொள்வோம்.

களி என்பது இரசாயனப்படி நீரேற்றிய அலுமினியம் சிலிக்கேற்று. பூமியின் மேலோட்டில் ஒட்சிசனுக்கும் சிலிக்கனுக்கும் அடுத்தபடியாக அதிகம் இருப்பது அலுமினியம். ஆகவே களியை அரிய பொருளென்று எவரும் சொல்லமுடியாது. கருங்கல்லில் உள்ள பெல்சுபார் என்னும் கனியம் வெப்பமும் ஈரமும் மிகுந்த காலநிலையில் இலட்சக்கணக்கான ஆண்டுகள் கிடந்து, தன்னிலுள்ள பொற்றாசியத்தையும் சோடியத்தையும் நீருக்குக் கொடுத்துவிட்டு அழுகுகிறது. (கல் அழுகுமா என்று கேட்கவேண்டாம், அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.) அழுகி மிஞ்சுவதே கயோலின் என்கிற வெண்களி. தூய நிலையில் அதன் நூற்றுக்கு 39.5 பங்கு அலுமினா, 46.5 பங்கு சிலிக்கா, மிகுதி 14 பங்கு நீர். அதன் துணிக்கைகள் அறுகோணத் தகடுகள். ஈரமாக இருக்கையில் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால் களி நாம் பிசைந்த வடிவத்தை ஏற்று அதிலேயே நிற்கிறது. கயோலின் என்ற பெயர் சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில் ஜிங்டெசென் நகருக்கு அருகிலுள்ள கௌலிங் என்ற மலைக் கிராமத்தின் பெயர்.

டென்மார்க்கில் கருங்கல் தரைக்கு மேலே தெரியும் ஒரே இடம் பால்டிக் கடலிலுள்ள போர்ண்ஹோல்ம் தீவு. கோப்பன்ஹேகனைவிடச் சுவீடனுக்கு அண்மையில் இருக்கும் தீவு அது. இன்று குளிரில் நடுங்கும் அந்த நிலத்தில் ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் மாரியைப்போன்ற புழுக்கமும் மழையும் இருந்தன. அதன் எச்சமாகத் தீவின் தலைநகரான றொன்னவின் பக்கத்தில் கருங்கல் வெண்களியாக மாறிக் கிடந்தது. 1750களின் நடுப்பகுதியில் இந்தக் களியின் மாதிரி தலைநகருக்கு அனுப்பப்பட்டது. தீவின் குடியானவர்களுக்கு அது அதற்கு முன்னரே தெரிந்துதான் இருக்கும். அரசுக்குத் தெரிந்த நாளையே வரலாறு கண்டுபிடித்த நாள் என்கிறது.

அந்த மாதிரிக்கு அரசு ஏன் ஆசைப்பட்டது? ஐரோப்பிய அரசவைகள் யாவும் அப்போது பீங்கான் பித்துப் பிடித்திருந்தன. சீனர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்த, வெளிச்சம் ஊடுருவும் அந்த வெண்பாத்திரத்தின் இரகசியம் ஐரோப்பாவுக்குப் பிடிபடவில்லை. சாக்சனி மன்னன் ஒருவிதமாகச் சிறைப்படுத்தி வைத்திருந்த பொட்கர் என்ற இளைஞனும் சிர்ன்ஹவுஸ் என்ற அறிஞரும் 1708இல் அதன் வழியைக் கண்டார்கள். 1710இல் மைசன் ஆலை எழுந்தது. அதற்குப் பிறகும் இரகசியம் காவலில்தான் இருந்தது. பீங்கான் வேண்டிய டென்மார்க் அதைக் கடல்வழியே தருவித்தது. 1732இல் சாசனம் பெற்ற டெனிஷ் ஆசியக் கொம்பனியின் கப்பல்கள் தரங்கம்பாடிக்கும் கன்ரனுக்கும் ஓடின. கன்ரனிலிருந்து வரும் கப்பல்களில் தேயிலைப் பெட்டிகளுக்குக் கீழே, கடல்நீர் ஊறினாலும் கெடாத பாரமாகப் பீங்கான் அடுக்கப்பட்டது. தரங்கம்பாடி என்றதும் சீகன்பால்குவும் அச்சுக்கூடமும்தான் எமக்கு ஞாபகம் வரும். 1620இலிருந்து 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்படும்வரை அது முதலாவதாக ஒரு வணிகக் கோட்டை என்பதை நாம் அவ்வளவாகக் கணக்கில் எடுப்பதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கோப்பன்ஹேகன் கண்ட செழிப்பு ஆசிய வணிகத்தாலும், அடிமைகளின் உழைப்பில் நின்ற மேற்கிந்தியத் தீவுகளின் சீனியாலும் வந்தது. அந்தச் செழிப்பின் மேல் அமர்ந்துதான் டெனிஷ் அரசகுலம் தனக்கென்று ஒரு பீங்கான் வேண்டுமென்று ஆசைப்பட்டது.

முதல் முயற்சியைச் செய்தவர் லூயி பூர்னியே என்ற பிரெஞ்சுக்காரர். 1759 அளவில் தொடங்கி 1760களின் நடுப்பகுதிவரை அவர் கோப்பன்ஹேகனில் செய்தது மென்பீங்கான். அழகானது, ஆனால் உண்மைப் பீங்கான் அல்ல. பிறகு வந்தவர் பிரான்ஸ் ஹைன்றிஷ் முல்லர் (1732-1820). மருந்தகத் தொழில் கற்ற இரசாயனவியலாளர். போர்ண்ஹோல்ம் களியை வைத்துக்கொண்டு பெல்சுபாருக்கும் குவார்ட்சுக்கும் எது சரியான அளவு, எவ்வளவு வெப்பம் என்று ஓயாமல் பரிசோதித்தவர். வன்பீங்கானுக்கு 1,400 பாகை வரையில் வெப்பம் வேண்டும். சூளையை அந்த நிலைக்கு ஏற்றி, அங்கே நிறுத்தி, பாத்திரம் கோணாமல் இறக்கும் வித்தையை எந்தப் புத்தகமும் அன்று சொல்லித்தரவில்லை. முல்லர் வென்றார். 1775 மே 1இல் ஆலை தொடங்கிற்று. ஐம்பதாண்டுத் தனியுரிமை, அரசமாதா யூலியான மரியாவின் ஆதரவு, அடையாளக் குறியாக மூன்று அலைக்கோடுகள். டென்மார்க்கின் மூன்று நீரிணைகளான ஊரசுண்ட், பெரிய பெல்ற், சின்ன பெல்ற் ஆகியவற்றை அவை குறித்தன. பங்கு வாங்க வணிகர்கள் முண்டியடிக்கவில்லை. அரச குடும்பமே பெரும்பகுதியை வாங்கிற்று. 1779இல் மன்னர் முழுதாகவே பொறுப்பேற்றார்.

ஆலையை நிலைநிறுத்திய கைகள் யாருடையவை என்பதையும் பார்க்கவேண்டும். முல்லர் டெனிஷ்காரர்தான். ஆனால் உருவமைப்புக்குத் தலைவராக வந்த அன்ரன் கார்ல் லுப்லாவ் ஜேர்மனியின் பூர்ஸ்ரன்பேர்க் ஆலையிலிருந்து 1776இல் இழுத்து வரப்பட்டவர். அந்நாட்களில் பீங்கான் வேலையாள் ஆலையைவிட்டு வெளியேறுவதும் இரகசியத்தை வெளியே கொண்டுபோவதும் தண்டனைக்குரிய குற்றங்கள். ஆகவே அப்படி வந்தவர்கள் ஒருவகையில் எல்லை தாண்டியவர்கள்! 1790இல் தொடங்கிய புகழ்பெற்ற 'புளோரா டானிக்கா' விருந்துப் பாத்திரத் தொகுதியை ஏறத்தாழ முழுவதும் தன் கையாலேயே வரைந்த யோஹான் கிறிஸ்தோப் பயர், நூரன்பேர்க்கில் பிறந்தவர். டென்மார்க்கின் காட்டுச் செடிகளைப் பற்றிய பெருநூல் ஒன்றிலிருந்து ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வொரு செடியாக, பன்னிரண்டு ஆண்டுகள் வரைந்தார். கண்பார்வையைப் பெரும்பாலும் அதிலேயே தொலைத்தார். ருஷ்யப் பேரரசி கத்தரீனுக்காகவே அது தொடங்கப்பட்டதென்று சொல்வார்கள். அவர் 1796இல் இறந்துபோனார். 1802இல் வேலை நிறுத்தப்பட்டபோது 1,802 துண்டுகள் முடிந்திருந்தன. டென்மார்க் தன் தேசியப் பொக்கிஷமென்று அரண்மனையில் காட்டுவது இதைத்தான். வெளிநாட்டவர் இந்நாட்டுக்கு எதைக் கொண்டுவந்தார்கள் என்று தேர்தல் காலங்களில் கேட்கப்படுவதைப் பார்க்கும்போது எனக்குப் பயரின் கண்கள் ஞாபகம் வருவதுண்டு.

களி மட்டும் டெனிஷ் களி. அதுதான் சிக்கலும்! போர்ண்ஹோல்ம் வெண்களி போதிய வெண்மை உடையதல்ல. அதில் செய்த ஆரம்பகாலப் பாத்திரங்கள் நீலம் கலந்த சாம்பல் நிறம் தட்டின. இன்று பழம்பொருள் வணிகர்கள் அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்தே பழமையை உறுதிசெய்கிறார்கள். அன்று அது குறையாகவே இருந்தது. ஆலை காலப்போக்கில் வெளிநாட்டு வெண்களிக்கு மாறிற்று. அதாவது 'மண்ணின் வளம்' தொழிலைத் தொடங்கிவைத்தது. தொழில் தேறியதும் அந்த மண்ணையே கைவிட்டது. போர்ண்ஹோல்ம் களி பின்னர் தீச்செங்கல்லுக்கும் காகிதத்துக்கும் போயிற்று. தாளை நிரப்பவும் மேலே பூசி மினுக்கவும் வெண்களி பயன்படுகிறது. வழுவழுப்பான தாளில் வரும் சஞ்சிகைகளைச் சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் சந்தேகத்தோடுதான் பார்ப்போம். அந்த வழுவழுப்புக்குப் பெரும்பாலும் காரணம் வெண்களியும் சுண்ணமும்தான்.

ஆலையின் பிற்காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1807இல் ஆங்கிலக் கடற்படை கோப்பன்ஹேகன்மீது பொழிந்த குண்டுகள் ஆலையைப் பெரிதும் அழித்தன. முடியாட்சியின் வரம்பற்ற அதிகாரம் 1849இல் முடிவுக்கு வந்தபின், நட்டத்தில் ஓடும் அரச பொழுதுபோக்கைத் தாங்க எவரும் விரும்பவில்லை. 1868இல் தனியாருக்கு விற்கப்பட்டது. 1882இல் அதை வாங்கியது, சாதாரண மக்களுக்கான மட்பாண்டம் செய்துவந்த ஒரு கொம்பனி. 1863இல் தொடங்கிய அக்கொம்பனியின் பெயர் 'அலுமினியா'. களியின் சாரத்தையே பெயராக வைத்திருந்த அந்த மலிவுச் சட்டிக்காரன்தான் அரசனின் பீங்கானைக் காப்பாற்றினான். 1885இல் ஆர்னோல்ட் குறோக் கலைப் பொறுப்பை ஏற்றார். 1889 பாரிஸ் கண்காட்சியில் உயர்ந்த பரிசு கிடைத்தது. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உற்பத்தியின் பெரும்பகுதி தாய்லாந்துக்குப் போனது. 2013இல் நிறுவனமே பின்லாந்தின் பிஸ்கார்ஸின் கைக்கு மாறிற்று. மூன்று டெனிஷ் நீரிணைகளும் தட்டின் அடியில் இன்றும் ஓடுகின்றன.

அரசனின் மேசையை விட்டு உலைக்களத்துக்கு வருவோம். அலுமினியம் சிலிக்கேற்றுகளின் பெரிய பாவனை மேசையில் அல்ல, அங்கேதான். போர்ண்ஹோல்மின் மேற்குக் கரையில் ஹாஸ்ல என்ற சிறு துறைமுகம் இருக்கிறது. அங்கே 1843இல் ஒரு தீச்செங்கல் ஆலை தொடங்கியது. வெப்பத்தைத் தாங்கும் களியை ஒருமுறை சுட்டு, உடைத்து, மீண்டும் பச்சைக் களியோடு சேர்த்துச் சுடுவது 'சமோட்' எனப்படும். கண்ணாடி, இரும்பு, சீமெந்து எதைச் செய்யும் உலைக்கும் உள்ளே இந்தக் கல் வேண்டும். களியைச் சுடச் சுட அதற்குள் முல்லைற்று என்ற ஊசிப் பளிங்குகள் வளர்கின்றன. ஸ்கொத்லாந்தின் முல் தீவின் பெயரைக்கொண்ட இக்கனியமே கல்லுக்கு வலிமை தருவது. இன்னும் கடும் வெப்பத்துக்கு அண்டலுசைற்று, கயனைற்று, சிலிமனைற்று ஆகிய மூன்று உடன்பிறப்புகள் உண்டு. மூன்றுக்கும் இரசாயன அமைப்பு ஒன்றே. பூமிக்குள் பட்ட அழுத்தமும் வெப்பமும்தான் வேறு. சிலிமனைற்று தென்னிந்தியாவினதும் இலங்கையினதும் பழம்பாறைகளில் நிறையவே உண்டு. கேரளத்தின் சவறக் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படுகிறது. புல்மோட்டை மணலிலும் சிறிதளவு கலந்திருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் சிலிமனின் பெயர் அதற்கு. சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்து செல்வம் சேர்த்த எலைகு யேலின் பெயர்தான் அப்பல்கலைக்கழகத்துக்கு. எங்கள் கரை மணலுக்குள்ளும் எவ்வளவு பெயர்கள்!

இந்தக் கற்களை நான் புத்தகத்தில் முதலில் அறியவில்லை. மொழிப் பாடசாலை முடிந்ததும் 1988இல் யூலன்டிலுள்ள ஒரு வார்ப்பாலையில் எனக்கு வேலை கிடைத்தது. பெயர் இங்கு வேண்டியதில்லை. உலை ஆறியதும் உள்ளே இறங்கி, எரிந்து கசடான பழைய கல்லைக் காற்றுச் சம்மட்டியால் உடைத்து வெளியே எறிவதுதான் வேலை. எங்கள் குழுவில் இரண்டு தமிழர், இரண்டு துருக்கியர், ஒரு டெனிஷ் முதியவர். முகமூடி என்று ஒரு மெல்லிய தாள் தந்தார்கள். அரை மணியில் அது களிமண் நிறமாகிவிடும். உலைக் கதவின் ஓரங்களில் பஞ்சுபோன்ற வெள்ளைப் பொருளைத் திணிப்போம். அஸ்பெஸ்ரஸ் தடுக்கப்பட்டதால் வந்த நல்ல மாற்று என்று எமக்குச் சொல்லப்பட்டது. (டென்மார்க் 1972இலேயே அஸ்பெஸ்ரஸை வெப்பக் காப்புக்குப் பாவிப்பதைத் தடுத்த முன்னோடி நாடு.) அந்தப் பஞ்சும் அலுமினியம் சிலிக்கேற்றுத்தான், வெண்களியை உருக்கி நூலாக இழுத்து அதைச் செய்யலாம். அதே 1988இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இவ்வகைப் பீங்கான் நார்களை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை' என்ற பட்டியலில் சேர்த்தது. உலைக்குள் வேலைசெய்த எமக்கு அதை எவரும் வந்து சொல்லவில்லை. எனது இருமல் சில ஆண்டுகளில் போய்விட்டது. அந்த டெனிஷ் முதியவரின் இருமல் போகவில்லை. ஆகவே 'கனிய வளம்' என்று எவராவது மேடையில் உருகும்போது, அதை உடைத்து, அரைத்து, மூச்சோடு உள்ளிழுப்பவர் யார் என்ற கேள்வி எனக்கு முதலில் எழுகிறது.

ஹாஸ்லவுக்குத் தெற்கே கரியும் களியும் தோண்டிய குழிகளில் இன்று நீர் நிற்கிறது. அழகிய ஏரிகள், கோடையில் உல்லாசப் பயணிகள் குளிக்கிறார்கள். ஒன்றுக்குச் சிவப்புக்கல் ஏரி என்றும் இன்னொன்றுக்கு நீலக்கல் ஏரி என்றும் பெயர். இரத்தினபுரியில் எடுக்கும் அந்த இரு கற்களும் சிறிது அசுத்தம் கலந்த அலுமினியம் ஒட்சைட்டே என்பதைப் பெயர் வைத்தவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். களியிலிருந்து சிலிக்காவை நீக்கினால் மிஞ்சுவதும் அதுவே.

களிக்குள் ஓர் உலோகம் ஒளிந்திருக்கிறது என்பதை முதலில் மெய்ப்பித்தவரும் ஒரு டெனிஷ்காரர். ஹான்ஸ் கிறிஸ்தியான் ஏர்ஸ்ரெட், லங்கலண்ட் தீவில் ஒரு மருந்தகக்காரரின் மகனாக 1777இல் பிறந்தவர். மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820இல் கண்டுபிடித்ததால் உலகமறிந்தவர். அலுமினாவையும் கரியையும் கலந்து சூடாக்கி அதன்மேல் குளோரீன் வாயுவைச் செலுத்தி அலுமினியம் குளோரைட்டைப் பெற்றார். அதைப் பொற்றாசியம் கலந்த இரசத்தோடு சூடாக்கி, இரசத்தை ஆவியாக்கி விரட்டியபோது வெள்ளீயம் போன்ற ஒரு சிறு உலோகக் கட்டி மிஞ்சியது. 1825இல் அதனை டெனிஷ் விஞ்ஞானக் கழகத்தில் காட்டினார். அதனை அவர் 'களியின் உலோகம்' என்றே அழைத்தார்.

அதற்குப் பிறகு நடந்தது எங்களைப்போல் சிறுமொழிச் சஞ்சிகைகளில் எழுதுவோர் அறியவேண்டியது. ஏர்ஸ்ரெட் தன் முடிவை டெனிஷ் மொழி வெளியீட்டில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். ஐரோப்பா அதைப் படிக்கவில்லை. 1827இல் ஜேர்மானியரான வூலர், ஏர்ஸ்ரெட்டின் சம்மதத்துடன் ஆய்வைத் தொடர்ந்து தூய்மையான உலோகத்தைப் பெற்றார். நெடுங்காலம் பாடநூல்கள் பலவற்றில் அவர் பெயரே நின்றது. ஆனால் ஏர்ஸ்ரெட் தன் மொழிக்குச் செய்த வேலை வீணாகவில்லை. ஒட்சிசனுக்கு 'இல்ற்' என்றும் ஐதரசனுக்கு 'பிறின்ற்' என்றும் அவர் ஆக்கிய டெனிஷ் சொற்கள் இன்றும் என் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இருந்தவை. மானிப்பாயில் பணியாற்றிய டொக்டர் கிறீன் தமிழில் இரசாயன நூலை வெளியிட்டபோது அதற்குக் 'கெமிஸ்தம்' என்று பெயரிட்டார். தனித்தமிழா, ஒலிபெயர்ப்பா என்று நாம் இன்றும் சண்டையிடுகிறோம். ஏர்ஸ்ரெட் இரண்டையும் கலந்தே செய்தார். இது வேறொரு கட்டுரைக்குரிய விடயம்.

களியின் உலோகம் டென்மார்க்கில் தொழிலாகவில்லை. களியில் அலுமினா எவ்வளவு இருந்தாலும் சிலிக்காவோடு அது பூண்டிருக்கும் பிணைப்பை அறுக்கச் செலவு மிகுதி. ஆகவே உலகம் போக்சைற்றுக்குப் போனது. ஆனால் 1886இல் கண்டறியப்பட்ட மின்பகுப்பு முறைக்கு அலுமினாவைக் கரைக்க ஒரு பொருள் வேண்டியிருந்தது. அது கிரையோலைற்று என்னும் அலுமினியம் புளோரைட்டுக் கனியம். பெருமளவில் அது கிடைத்த ஒரே இடம், டென்மார்க்கின் ஆட்சியிலிருந்த கிறீன்லாந்தின் இவித்தூத். 1850களில் யூலியுஸ் தொம்சன் அதிலிருந்து சோடா செய்யும் வழியைக் கண்டிருந்தார். அதை நம்பிக் கோப்பன்ஹேகனில் ஒரு ஆலையே எழுந்தது. இரண்டாம் உலகப்போரில் விமானங்களுக்கு அலுமினியம் வேண்டுமென்று அமெரிக்கப் படை அந்தச் சுரங்கத்தைக் காவல் காத்தது. 1987இல் சுரங்கம் மூடப்பட்டது. கோப்பன்ஹேகன் ஆலை 1990இல் நின்றது. சுரங்கத்தில் வேலைசெய்தோரில் பெரும்பாலானோர் டெனிஷ்காரர்கள். இனுயிட் மக்களுக்கு மிஞ்சியது நீர் நிரம்பிய ஒரு குழி.

2025 பெப்ரவரியில் டென்மார்க்கின் அரச தொலைக்காட்சி இதுபற்றி ஓர் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. இன்றைய பெறுமதியில் 40,000 கோடி குறோணர் என்ற தொகை அதில் சொல்லப்பட்டது. பொருளியலாளர் பலர் கொதித்தெழுந்தார்கள்: அது விற்பனைத் தொகை, இலாபமல்ல என்று. அதே மாதத்திலேயே படம் மீளப்பெறப்பட்டது; கிறீன்லாந்தில் கோபம் கிளம்பிற்று. கணக்கில் பொருளியலாளர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த விற்பனைத் தொகையில் கூலி வாங்கியவர், கப்பல் ஓட்டியவர், இயந்திரம் விற்றவர், இரசாயனம் கற்றவர் எல்லோரும் டென்மார்க்கில் இருந்தார்கள் என்பதும் ஒரு கணக்கே. கனியத்தின்மீதான உரிமை கிறீன்லாந்து அரசுக்கு முழுமையாக வந்தது 2010இல்தான்.

டென்மார்க் உலகுக்கு விற்றவற்றில் வெண்களி ஒரு பொருட்டே அல்ல. அது விற்றது களியைச் சுடும் அறிவு. சீமெந்து என்பது சுண்ணக்கல்லையும் களியையும் 1,450 பாகையில் சேர்த்துச் சுடுவதுதான். 1882இல் கோப்பன்ஹேகனில் தொடங்கிய எவ்.எல்.ஸ்மித் நிறுவனம் அதற்கான சுழலும் சூளைகளைக் கண்டங்கள்தோறும் நிறுவியது. கோயம்புத்தூருக்கு அருகே மதுக்கரையில் அப்படியொரு சூளை எழுப்ப 1934இல் வந்த பொறியியலாளர்தான் சோரன் கிறிஸ்தியான் டூப்ரோ. பின்னர் வந்த ஹென்னிங் ஹொல்க்-லார்சனோடு சேர்ந்து 1938இல் பம்பாயில் அவர் தொடங்கியதே இன்று இந்தியாவெங்கும் தெரியும் லார்சன் அன்ட் டூப்ரோ.

எங்களுக்கும் ஒரு சூளை இருந்தது. 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை. சுண்ணக்கல்லை அங்கேயே அகழ்ந்தார்கள்; களி முருங்கனிலிருந்து புகைவண்டியில் வந்தது. 1990இல் யுத்தம் அதை நிறுத்தியது. பட்டியல் வாசிப்பவர்கள் முருங்கன் களியை இன்றும் வாசிக்கிறார்கள். களி எங்கும் போய்விடவில்லை, அதை எவரும் களவெடுக்கவும் இல்லை. போனது, அந்தச் சூளையின் நிறத்தைப் பார்த்து வெப்பத்தைச் சொல்லக்கூடிய மனிதர்கள். ஆய்வுகூடத்தில் களியைப் பகுத்தவர்களும், பழுதை ஒலியிலேயே கண்ட பொருத்துநர்களும் கனடாவிலும் இலண்டனிலும் ஐரோப்பாவின் சமையற்கூடங்களிலும் சிதறினார்கள். அவர்களில் ஒருவரையாவது இருத்தி, அந்த ஆலையில் என்ன தெரிந்துவைத்திருந்தோம் என்று எழுதிவைக்க எந்தச் சங்கம் முன்வந்தது?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 'எங்கள் மண்' என்ற சொல்லில் 'எங்கள்' யார்? 1957இல் அமைந்த கூட்டுத்தாபனம் புல்மோட்டை மணலைப் பெரும்பாலும் மணலாகவே கப்பலேற்றியது. 1997 செப்ரெம்பரில் அங்கே இல்மனைற்று ஏற்றிக்கொண்டிருந்த 'கோர்டியாலிற்றி' என்ற கப்பல் தாக்கப்பட்டது. மணலை ஏற்றிய அரசும் ஏற்றவிடாது தடுத்தவர்களும் கணக்கில் எடுக்காத புல்மோட்டைக் குடிகளில் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். முருங்கனை உள்ளடக்கிய மன்னார் மாவட்டத்திலிருந்தும் 1990 ஒக்ரோபரில் முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். இவித்தூத்தைப்பற்றி டெனிஷ்காரரிடம் நாம் கேட்கும் கேள்வி எம்மிடமும் கேட்கப்படக்கூடியது. அதற்குப் பட்டியலில் பதில் இல்லை.

களிக்கு அண்மையில் ஒரு புதிய வேலை வந்திருக்கிறது. சுண்ணக்கல்லைச் சுடும்போது வெளியேறும் கரியமிலவாயுவைக் குறைக்க, சூளைக் கட்டியின் ஒரு பகுதிக்குப் பதிலாக, 800 பாகையளவில் சுட்ட களியையும் சுடாத சுண்ணத் தூளையும் சேர்க்கிறார்கள். சுவிற்சர்லாந்து, கியூபா, டெல்லி, சென்னைத் தொழில்நுட்ப நிறுவனங்கள் சேர்ந்து ஆராய்ந்த முறை இது. டென்மார்க்கில் ஓல்போர்க் ஆலை 2021இல் இத்தகைய சீமெந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வாயு 30 வீதம் குறைகிறதென்பது அவர்கள் கணக்கு. இதற்குச் சிறந்தது கயோலின் மிகுந்த களி. இலங்கையில் அது பொரலஸ்கமுவவிலும் மீட்டியாகொடவிலும் கிடைக்கிறது. மழைக்கு ஒட்டிக்கொண்டு கோடையில் பாளம்பாளமாக வெடிக்கும் முருங்கன் களியோ பெரும்பாலும் வேறு வகை, நீரைக் குடித்து வீங்குவது. சுட்டாலும் அவ்வளவு வேகமாக வினைபுரியாது. எங்கள் பட்டியலில் பெயர்பெற்ற களிக்கு இந்தப் புதிய சீமெந்தில் இரண்டாம் வரிசைதான்.